இரண்டு பேட்டரி மாற்றியும் நடுவழியில் நிற்கும் பழைய வண்டி: ஓர் ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

மியன்மாரின் மொட்டமா பக்கத்திலிருந்து வந்த கடிதம்:

“சயா (ஆசான்) அவர்களுக்கு வணக்கம். மொட்டமாவுக்கு வடக்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து பாலம் கடந்து மோல்மீன் சென்று, வார இறுதியில் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். என் தகப்பனார் விட்டுச்சென்ற, தாய்லாந்தில் செய்த ஹோண்டா டிரீம் 100 மோட்டார் சைக்கிள்தான் எனக்குத் துணை. ஒரு வருடமாக அது பெரும் தொல்லை தருகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஓர் ஓசை மட்டும் வருகிறது. காலையில் பத்துப் பதினைந்து முறை கிக் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. அரைமணி நேரம் ஓடியபின் தானாக நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. மழையில் நனைந்தாலும் நிற்கிறது. இதுவரை இரண்டு பேட்டரியும், பிளக்குக்குப் பொறி தரும் சி.டி.ஐ. என்னும் மின்பெட்டி ஒன்றும் மாற்றியாயிற்று. மின்சாரம் இல்லாத இரவுகளில் பேட்டரியைக் கழற்றி வீட்டு விளக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒருநாள் அதைத் திரும்ப மாட்ட மறந்து, கிக் அடித்து, அப்படியே பள்ளிக்குப் போயிருக்கிறேன். பேட்டரி இறங்கினால் பக்கத்து வீட்டு சோலார் தகட்டில் ஏற்றிக்கொள்வோம். தம்பி முன்பக்கம் இரண்டு எல்.இ.டி. விளக்கும் பொருத்தியிருக்கிறான். மெக்கானிக், வண்டி முழுவதும் ஒயரிங் மாற்றினால்தான் சரியாகும் என்கிறார். மாற்றலாமா, அல்லது விற்றுவிடலாமா?”

பதில்:

டீச்சர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, நீங்களே பெரிதாக எண்ணாமல் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரி. பேட்டரியை மாட்ட மறந்த நாளிலும் வண்டி கிக்கில் ஸ்டார்ட் ஆகிப் பள்ளிவரை ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வண்டியின் பிளக்கில் பொறி விழுவதற்கும் பேட்டரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அரைமணியில் நிற்பதற்கும், மழையில் நிற்பதற்கும், காலையில் பத்துக் கிக் கேட்பதற்கும் பேட்டரி காரணமாக இருக்க முடியாது. இந்த மூன்று குறைகளையும் மனத்தில் வைத்து வாங்கிய பேட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவற்றைத் தீர்த்திருக்காது.

இது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததுபோல. எஞ்சினின் இடப்பக்க மூடிக்குள், நம் பட்டறைகளில் மேக்னட் என்று சொல்லும் காந்தச் சக்கரம் சுழல்கிறது. அதன் உள்ளே, அசையாத தட்டில், செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மிக மெல்லிய கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டது; கிக் அடித்துச் சக்கரம் சுழன்றவுடனேயே அது நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை உண்டாக்கி சி.டி.ஐ. பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டிக்குள் உள்ள மின்தேக்கி அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். காந்தச் சக்கரத்தின் வெளிப்புறத்தில் உள்ள சிறு மேடு, பிக்கப் காயில் என்னும் வேறொரு சிறு சுருளைக் கடக்கும் கணத்தில் ஒரு துடிப்பு எழ, அந்தச் சைகை கிடைத்ததும் சி.டி.ஐ. தான் சேர்த்ததை ஒரே வீச்சில் இக்னிஷன் காயிலுக்குள் கொட்டுகிறது. காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்குக் கொடுக்கிறது. இந்தப் பாதை முழுவதிலும் பேட்டரிக்கு இடமே இல்லை.

பேட்டரியின் குடும்பம் வேறு. அதே மேக்னட்டில் உள்ள தடித்த கம்பிச் சுருள், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாக பேட்டரிக்கு மின்னேற்றுகிறது. பேட்டரி செல்ஃப் மோட்டாருக்கும் ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் கொடுக்கிறது. இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அடுப்பு வேறு வேறு. உங்கள் வண்டியில் இரண்டு அடுப்பிலுமே கோளாறு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் ஒரு வருடமாகப் பணம் கரைந்திருக்கிறது.

தொழில் பழகிய காலத்தில் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். மழை வந்தால் நிற்கும் ஒரு வண்டிக்கு சி.டி.ஐ. மாற்றினேன், பிறகு இக்னிஷன் காயில் மாற்றினேன், பிறகு மேக்னட் காயிலையே மாற்றினேன். கடைசியில் பார்த்தால் சாவித் துவாரத்துக்குள் தண்ணீர் இறங்கி இரண்டு முனைகளை இணைத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் நான் மாற்றுவதில்லை. நீங்களும் இனி ஒரு பாகம் வாங்குமுன், எதை அளந்து இதை முடிவு செய்தீர்கள் என்று மெக்கானிக்கிடம் பணிவாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, பிளக் ஸ்பேனர், நல்லதென்று உறுதியான ஒரு பிளக், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு துணி. இவற்றை ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சூட்டில் நிற்கும் நோயை, அது நிற்கும் இடத்தில், நிற்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும். ஆறியபின் பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகவே இருக்கும். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ ஒன்றை மாற்றுவார்.

அடுத்த முறை வண்டி நின்றதும் முதலில் ஓரமாக ஒதுங்குங்கள். பாலத்தின் மேல் நின்றுவிட்டால் அங்கே சோதிக்க வேண்டாம், தள்ளிக்கொண்டு கரைக்கு வந்துவிடுங்கள்; மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள பாலம், நான் எளிதாகச் சொல்லிவிட்டேன், தள்ளுபவருக்குத்தான் அருமை தெரியும். வந்ததும் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, மூடியைத் தளர்த்தியபின் ஓரிரு நிமிடத்தில் வண்டி ஓடத் தொடங்கினால், மூடியில் உள்ள சிறு காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் இறங்க இறங்க டாங்குக்குள் காற்று புகவேண்டும். புகாவிட்டால் பெட்ரோல் வழிவது நின்றுபோகும். இதுவும் ஏறக்குறைய அரைமணி ஓட்டத்துக்குப் பின்னரே தலைகாட்டும் குறை என்பதால், மின்கோளாறு என்று பலரை ஏமாற்றியிருக்கிறது. துளையைக் கழுவினால் போதும்.

மூடியில் குறை இல்லையென்றால் உடனே, எஞ்சின் ஆறுமுன், பிளக் தொப்பியைக் கழற்றி, கையில் உள்ள உதிரி பிளக்கை அதில் செருகுங்கள். பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினின் பூச்சில்லாத உலோகத்தில் நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்குமாறு வைத்து, தொப்பியின் ரப்பர் பகுதியை மட்டும் உலர்ந்த துணியால் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பி, உடன் வருபவரைக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். அந்தத் துளையிலிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி பொறிபட்டுத் தீப்பற்றக்கூடும். டாங்க் மூடியையும் இறுக மூடியிருக்க வேண்டும். பிளக்கை உலோகத்தில் தொடாமல் தொங்கவிட்டுக் கிக் அடிப்பதும் கூடாது; போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் சி.டி.ஐ.யையோ காயிலையோ உள்ளேயே துளைத்துவிடும்.

நீலநிறத்தில், ‘சட் சட்’ என்ற ஓசையோடு பொறி விழுந்தால் மின்சாரம் சரி. குறை பெட்ரோலிலோ வால்விலோ இருக்கிறது. பொறியே இல்லை, அல்லது நூல்போல மஞ்சளாக மினுங்குகிறது என்றால், மேக்னட்டிலிருந்து பிளக் வரையிலான பாதையில் ஏதோ ஒன்று சூட்டில் அறுந்துபோகிறது. உங்கள் விவரிப்பைப் படிக்கும்போது இரண்டாவதுதான் நடக்கிறது என்று என் அனுபவம் சொல்கிறது. ஆனாலும் என் அனுபவத்தை நம்பிப் பாகம் வாங்காதீர்கள், சோதித்துவிட்டு வாங்குங்கள்.

பொறி இல்லாதபோது முதலில் சந்தேகிக்க வேண்டியது, நான் முன்பு ஏமாந்த அதே சாவிப் பாதை. இவ்வகை வண்டியில் சாவியை மூடும்போது மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை. கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் வழியாக சி.டி.ஐ. எர்த்தோடு, அதாவது வண்டியின் உலோக உடலோடு, இணைக்கப்படுகிறது, அதனால்தான் எஞ்சின் நிற்கிறது. அந்த ஒயர் எங்காவது உராய்ந்து வண்டியின் சட்டத்தைத் தொட்டாலும், சாவித் துவாரத்தில் ஈரம் புகுந்தாலும், நீங்கள் சாவியை மூடியதாகவே சி.டி.ஐ. எண்ணிக்கொள்ளும். சி.டி.ஐ.க்கு அருகில் அந்த ஒரு ஒயரை மட்டும் பிரித்துவிட்டுக் கிக் அடித்துப் பாருங்கள். பொறி திரும்பி வந்தால் குறை சாவியிலோ அந்த ஒயரிலோதான். ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த ஒயர் பிரிந்திருக்கும்வரை சாவியால் எஞ்சினை நிறுத்த முடியாது. நிறுத்தவேண்டுமானால் சாவியை மூடிவைத்து, ஒயரின் உறையை மட்டும் பிடித்து அதை மீண்டும் இணைக்க வேண்டும். சோதனை முடிந்ததும் மீண்டும் இணைத்துவிடுங்கள்.

அதிலும் பொறி வரவில்லையென்றால் காயில்களை அளக்கும் நேரம் வந்துவிட்டது. ஹோண்டா வழக்கத்தில் பச்சை ஒயர் எர்த். கறுப்பில் சிவப்புக் கோடு உள்ளது சி.டி.ஐ.க்கு மின்சாரம் தரும் மெல்லிய சுருள். நீலத்தில் மஞ்சள் கோடு உள்ளது பிக்கப் காயில். பல கைகள் பட்ட பழைய வண்டியில் யாராவது நிறம் மாற்றி ஒட்டியிருக்கலாம் என்பதால், மேக்னட்டிலிருந்து வரும் ஒயரையே கண்ணால் தொடர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இணைப்பானைப் பிரித்து, மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒவ்வொன்றையும் பச்சையோடு சேர்த்து அளக்க வேண்டும். மெல்லிய சுருள் பெரும்பாலும் நூறுக்கும் நானூறுக்கும் இடைப்பட்ட ஓம் காட்டும். பிக்கப் காயில் ஐம்பதுக்கும் இருநூறுக்கும் இடையில் நிற்கும். எண் எவ்வளவு என்பதைவிட, ஆறியபோதும் சூடானபோதும் அது எப்படி மாறுகிறது என்பதுதான் உங்கள் வழக்குக்கு முக்கியம். ஆகவே காலையில், குளிர்ந்த எஞ்சினில் ஒருமுறை அளந்து தாளில் எழுதிவையுங்கள். நின்றுபோன நிமிடத்தில் மறுமுறை அளந்து பாருங்கள்.

செப்புக் கம்பியின் தடை, வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது ஏறக்குறைய 0.4 விழுக்காடு கூடும். காலையில் 30 டிகிரியில் 200 ஓம் காட்டிய சுருள், 100 டிகிரியில் 255 ஓம் அளவுக்குக் காட்டுவது இயற்கை; அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் எண் ஆயிரக்கணக்கில் தாவினாலும், மீட்டர் முடிவிலி காட்டினாலும், சுருளுக்குள் எங்கோ முடிக்கம்பி அறுந்து, குளிர்ந்தபோது முனைகள் தொட்டுக்கொண்டும் சூடானபோது விரிந்து விலகியும் இருக்கிறது என்பது உறுதி. மாறாக எண் பாதியாகக் குறைந்தால், மேல்பூச்சு உருகிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. இரண்டுமே அந்தச் சுருளின் முடிவு. இக்னிஷன் காயிலையும் அப்படியே பார்த்துவிடலாம்: தொப்பியைக் கழற்றிவிட்டு, பிளக்குக்குப் போகும் தடித்த ஒயரின் முனைக்கும் எர்த்துக்கும் இடையே சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும், தொப்பிக்குள்ளும் தனியாக ஐயாயிரம் ஓம் அளவில் ஒரு தடை இருப்பது வழக்கம்.

இவை எல்லாம் சூட்டிலும் சரியாக இருந்து பொறி மட்டும் வரவில்லையென்றால்தான் சி.டி.ஐ.யின் மேல் பழி போடலாம். சாதாரண மீட்டரால் சி.டி.ஐ.யை நம்பகமாகச் சோதிக்க முடியாது. நன்றாக ஓடும் இன்னொரு டிரீம் வண்டியின் பெட்டியைக் கடன்வாங்கி மாட்டிப் பார்ப்பதே வழி. நீங்கள் ஏற்கனவே மாற்றியும் குறை அப்படியே இருப்பதால் சி.டி.ஐ. குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. பழைய பெட்டியைத் தூக்கி எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அது நல்ல நிலையில் இருக்கலாம், பத்திரமாக வையுங்கள்.

பொறி நன்றாக இருந்தும் சூட்டில் நிற்கிறது என்றால், கிக்கை மெதுவாக மிதித்துப் பாருங்கள். வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் கால் தொளதொளவென்று இறங்கினால், வால்வு இடைவெளி இறுகிப்போய், சூடானபோது வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் அமுக்கப்படும் காற்று, கசிகிறது. இவ்வகை எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பழகியவருக்கு அரைமணி வேலை. காலையில் பத்துக் கிக் கேட்பதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

காலைத் தொல்லைக்கு வேறு எளிய காரணங்களும் உண்டு. பிளக் முனையின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, சோக் கம்பி இழுத்தால் கார்பரேட்டரில் உள்ள தகடு உண்மையிலேயே மூடுகிறதா என்று பாருங்கள். சாலையோரத்தில் தண்ணீர் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை அவசரத்துக்கு நாம் எல்லாரும் வாங்குகிறோம். அதில் சில சமயம் தண்ணீரும் கலந்து வந்துவிடுகிறது. கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, சிறிது பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தால், தண்ணீர் அடியில் முத்துப்போலத் தனியாக நிற்கும்.

இனி மழை. மே முதல் அக்டோபர் வரை நம் பக்கம் கொட்டும் மழைக்கு, கடல் காற்றின் உப்பும் சேர்ந்துகொண்டால் எந்த இணைப்பானும் சில வருடங்களில் பச்சை பூத்துவிடும். மழையில் நிற்கும் வண்டிக்கு இரவில் ஒரு சோதனை செய்யலாம். விளக்கில்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் தொப்பியின் மேலும் தடித்த ஒயரின் மேலும் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்துப் பாருங்கள். எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கே நீலப் பொறி உலோகத்துக்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும். கையால் மட்டும் தொடாதீர்கள். தொப்பி வெடித்திருந்தால் மாற்றுங்கள், விலை அதிகமில்லை. ஒயரின் முனை கறுத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதிய முனையில் தொப்பியைத் திருகிக்கொள்ளலாம். அதன்பின் முன்மூடியைக் கழற்றி, சி.டி.ஐ. இணைப்பானையும் சாவி இணைப்பானையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, பச்சைப் பூச்சைச் சிறு தூரிகையால் தேய்த்து நீக்கி, உலரவைத்து, மின்இணைப்புக்கான கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். ஈரம் உள்ளே புகாது.

பொறியின் கதை இவ்வளவு. இப்போது ‘டக்’ ஓசைக்கு வருவோம். அந்த ஓசையே ஒரு நல்ல செய்தி: ஃபியூஸும் சாவியும் பட்டனும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயின் சுருளும் வேலை செய்கின்றன. ரிலே மூடுகிறது; ஆனால் மோட்டாரைச் சுழற்றப் போதுமான மின்னோட்டம் போய்ச்சேரவில்லை. பேட்டரி சோர்ந்திருக்கலாம், மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரின் இணைப்பு அரித்திருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

இரவு முழுவதும் எதுவும் இணைக்காமல் வைத்த பேட்டரியைக் காலையில் அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. பிறகு மீட்டரை பேட்டரி முனையிலேயே வைத்துக்கொண்டு செல்ஃப் பட்டனை அழுத்துங்கள். 12.6 காட்டிய பேட்டரி, அழுத்தியதும் ஏழுக்கோ எட்டுக்கோ சரிந்தால் உள்ளே தகடுகள் கெட்டுவிட்டன. பத்துக்கு மேலேயே நின்றும் மோட்டார் சுழலவில்லையென்றால் பேட்டரி நல்லது. அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து மீண்டும் அழுத்துங்கள். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. ஒரு வோல்ட்டைத் தொட்டால் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி, துரு நீங்கத் தேய்த்து இறுக்குங்கள். இந்த ஐந்து நிமிட வேலையால் உயிர்பெற்ற செல்ஃப் மோட்டார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இரண்டு பேட்டரிகளும் இறந்த காரணத்தை அளக்காமலே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. மன்னிக்கவும், அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வண்டியில் உள்ளது 5 ஆம்பியர்-மணிப் பேட்டரி என்று வைத்துக்கொண்டால், அதில் அடங்குவது 12 பெருக்கல் 5, அதாவது 60 வாட்-மணி. பத்து வாட் விளக்கை ஆறு மணிநேரம் எரித்தால் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சியாயிற்று. செல்ஃப் அடிக்கவென்று செய்த பேட்டரி, ஒரு நொடி பலமாகக் கொடுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்வதற்கு ஆனது. அதைப் பாதிக்குக் கீழே இறக்கும் ஒவ்வொரு முறையும், தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். மின்வெட்டில் பிள்ளைகள் படிக்க விளக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதற்கு வண்டிப் பேட்டரியை விட்டுவிட்டு, சோலாருக்கென்று விற்கும் பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வண்டிப் பேட்டரி வாங்குவதைவிட முடிவில் அது மலிவாகவே இருக்கும்.

சோலார் தகட்டை நேரடியாகப் பேட்டரியில் இணைப்பது அடுத்த தீங்கு. பன்னிரண்டு வோல்ட் தகடு என்று விற்கப்படுவது, நல்ல வெயிலில் சுமையில்லாமல் 20 வோல்ட்டுக்கு மேலே காட்டும். 20 வாட் தகடு ஓர் ஆம்பியருக்குச் சற்று மேலாகத் தள்ளும். 5 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கோ அதன் பத்தில் ஒரு பங்கு, அதாவது அரை ஆம்பியர்தான் பொருத்தமான அளவு. பேட்டரி நிரம்பிய பிறகும் நிறுத்த ஆளில்லாததால் திரவம் கொதித்து வற்றுகிறது. இடையில் சார்ஜ் கண்ட்ரோலர் இல்லாமல் ஏற்ற வேண்டாம். மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால், மாதம் ஒருமுறை திரவ அளவைப் பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுங்கள். குழாய் நீரும் மழைநீரும் கூடாது. ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அருகில் மெழுகுவர்த்தியோ சுருட்டோ வேண்டாம்.

தம்பி பொருத்திய இரண்டு எல்.இ.டி. விளக்குகள் மூன்றாவது. ஒவ்வொன்றும் பத்து வாட் என்றாலும் இரண்டும் சேர்ந்து ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவுக்குப் பேட்டரியிலிருந்து இழுக்கும். வண்டியோடு வந்த முன்விளக்கு இவ்வகையில் மேக்னட்டிலிருந்தே மின்சாரம் பெறுவதால் பேட்டரிக்குச் சுமையாவதில்லை; தம்பியின் விளக்குகள் பேட்டரியைத் தின்கின்றன. அந்தச் சிறிய மின்னேற்றுச் சுருள், ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் செல்ஃபுக்கும் ஈடுசெய்ய அளந்து வைக்கப்பட்டது. பட்டணத்துக்குள் மெதுவாக ஊர்ந்தால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. தம்பி ஆசையாகச் செய்ததை முற்றிலும் கழற்றச் சொல்லவில்லை. சாவிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்சும் ஃபியூஸும் வைத்து, இருட்டான சாலையில் மட்டும் போடட்டும்.

இவற்றைச் சரிசெய்தபின் நல்ல பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். எஞ்சினை நன்றாக முறுக்கும்போது 13.5க்கும் 14.8க்கும் இடையில் ஏறினால் மின்னேற்றம் சரி. அசையாமல் 12லேயே நின்றால் மின்னேற்றுச் சுருளிலிருந்து வரும் வெள்ளை ஒயரையும் ரெகுலேட்டரின் பச்சை ஒயரையும் பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, புதுப் பேட்டரியையும் அது கொதிக்கவைத்துவிடும். ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பல்புகள் போய்விடும், அனுமதிக்காதீர்கள்.

முழு ஒயரிங் மாற்றுவது பற்றிய என் கருத்து: வேண்டாம். தொழிற்சாலையில் கட்டிய ஒயர் கட்டு, வெயில் படாத இடங்களில் இன்னும் பல வருடம் உழைக்கும். கெட்டுப்போவது இணைப்பான்களும், ஹாண்டில் திரும்பும் இடத்தில் மடங்கி மடங்கி உடையும் ஒயர்களும், பின்னால் வந்தவர்கள் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகளும்தான். அந்த ஒட்டுகளை மட்டும் பிரித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடச் சொல்லுங்கள். உங்கள் மெக்கானிக்கை நான் குறைசொல்லவில்லை. குறையைத் தேடப் பொறுமையில்லாத நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று எல்லாருக்குமே தோன்றும். ஆனால் பிக்கப் காயில் சூட்டில் அறுகிறது என்றால் புது ஒயரிங் போட்ட வண்டியும் பாலத்தில் நிற்கும்.

விற்பதும் இப்போது வேண்டாம். கார்பரேட்டரும் கிக்கும் உள்ள இந்த வண்டியை ஒரு ஸ்பேனரும் மீட்டரும் வைத்து எந்த ஊரிலும் எழுப்பிவிடலாம்.

அளவு மேக்னட் காயிலைக் காட்டிக்கொடுத்தால், பாகம் தேட யாங்கோன் போக வேண்டியதில்லை. அங்கே 2003 முதல் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் இந்த வியாபாரம் நம் பக்கத்தில்தான் சூடாக இருக்கிறது. எல்லை ஊரான மியாவதி வழியாக வந்த பழைய தாய்லாந்து வண்டிகளிலிருந்து கழற்றிய அசல் காயில் தட்டு கிடைத்தால், பெயர் தெரியாத புதியதைவிட அதையே நான் எடுப்பேன். ஆனால் கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து பார்த்து, சூட்டில் நின்றால் திருப்பித் தருவேன் என்று பேசிவைத்து வாங்குங்கள். பொருத்தும் வேலையைப் பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள். காந்தச் சக்கரத்தை அதற்குரிய புல்லர் கொண்டுதான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தமும் வலுவிழக்கும், கிராங்கின் முனையும் கெடும். செல்ஃப் உள்ள வண்டியில் அந்த மூடிக்குள் எண்ணெய் இருக்கும். கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

காயில்களின் எண்கள் ஆறியபோதும் சூட்டிலும் நான் சொன்ன அளவுக்குள்ளேயே இருந்தால் மேக்னட்டைத் திறக்கவே வேண்டாம். அந்த எண்களையும், நின்ற நேரத்தில் டாங்க் மூடியில் ஓசை வந்ததா, பொறி எந்த நிறத்தில் விழுந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.